பத்து சென்ட் புத்தகத்தில் ஒளிந்திருந்த பேட்மேன்

உயரம் நாலரை அங்குலம். அகலம் அதைவிடக் கம்மி. ஆனால் தடிமன் மட்டும் ஒன்றரை அங்குலம். கையில் வைத்தால் புத்தகம் மாதிரி இருக்காது. சின்னச் செங்கல் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் பழைய புத்தகக் கடைகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே இப்படிச் சில ‘செங்கற்கள்’ இன்றைக்கும் கிடைக்கின்றன. மூலை மழுங்கி, முதுகு கிழிந்து, உள்ளே தாள் பழுப்பேறி இருக்கும். பேர், ‘பிக் லிட்டில் புக்’.

விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். அங்கிருந்த விட்மன் பதிப்பகம் 1932-ல் இந்த வரிசையைத் தொடங்கியது. முதல் புத்தகம் துப்பறியும் டிக் ட்ரேசியின் சாகசம். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கிக் கிடந்த நேரம் அது. வேலை போன அப்பாக்கள்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரக்கூடிய விலை, பத்தே சென்ட். திறந்தால் ஒரு பக்கம் கதை, எதிர்ப்பக்கம் முழுப் படம். படிக்கச் சோம்பல்படும் பையனும் படத்தைப் பார்த்தே கடைசிப் பக்கம் வரை போய்விடலாம்.

குழந்தைகளின் புத்தகம் என்றால் அதற்கு ஆயுசு எவ்வளவு இருக்கும்? கிழிந்தது பாதி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத் தேவைக்காக வீடுவீடாகப் பழைய காகிதம் சேகரித்தார்களே, அதில் போய்க் கூழானது இன்னொரு பங்கு. மிச்சம் பரண்களில் தங்கியது. தாத்தா பாட்டி காலமான பிறகு பேரப்பிள்ளைகள் பரணை ஒழிக்கும்போது அட்டைப்பெட்டியோடு பழைய புத்தகக் கடைக்கு வந்து சேர்கிறது. கடைக்காரருக்கு அது பத்தோடு பதினொன்று.

அப்படி வந்து சேர்பவற்றில் ஒன்றுதான் ‘காங் பஸ்டர்ஸ் இன் ஆக்‌ஷன்’. 1938-ல் வெளியானது. அந்த நாளில் ரேடியோவில் சக்கைப்போடு போட்ட ‘காங் பஸ்டர்ஸ்’ என்ற போலீஸ் தொடரை வைத்து எழுதிய கதை. போலீஸ்காரர்கள், கொள்ளைக் கும்பல், துப்பாக்கி, துரத்தல். கதையில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. விசேஷம் படங்களில் இருக்கிறது. வரைந்தவர் ஹென்றி வாலலி. இருட்டும் வெளிச்சமுமாக, கோட் மடிப்பில் விழும் நிழல் வரை பார்த்துப் பார்த்து வரைந்திருப்பார். பத்து சென்ட் புத்தகத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றும்.

பேட்மேனின் முதல் கதையை நன்றாகப் பார்த்துப் பழகிய ஒருவர் இந்தப் புத்தகத்தைப் புரட்டினால், சில பக்கங்களில் கை தானாக நின்றுவிடும். ‘இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!’ அதே நிற்கும் தோரணை, அதே கைப்பிடி, அதே உடல் சாய்வு. கோட்டுப் போட்ட ஆளுக்குக் கறுப்பு முகமூடியும் வௌவால் சிறகும் மாட்டிவிட்டால், அப்படியே பேட்மேன்!

பேட்மேன் பிறந்தது 1939-ல். ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-வது இதழில், வெறும் ஆறு பக்கக் கதையாக. முந்தின வருடம்தான் சூப்பர்மேன் வந்து விற்பனையில் பிய்த்து உதறியிருந்தார். பதிப்பகத்துக்கு இன்னொரு சூப்பர் ஹீரோ அவசரமாக வேண்டும். பாப் கேன் என்ற இளம் ஓவியர், இதோ கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவருக்கு 23 வயது. கையில் ஒரு யோசனை இருந்தது, கெடு தலைக்கு மேல் தொங்கியது. மனித உடலைப் பலவித அசைவுகளில் தடுமாறாமல் வரையும் அளவுக்குக் கை மட்டும் அவருக்கு இன்னும் பழகவில்லை.

நிற்கும் மனிதனை யாரும் ஓரளவு வரைந்துவிடலாம். ஒருவன் கூரையிலிருந்து குதிக்கிறான், காற்றிலேயே இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான் என்றால் வரைகிறவனுக்குத் தலை சுற்றும். எந்தக் கால் முன்னால் வரும், தோள் எந்தப் பக்கம் தூக்கும், உடம்பு எங்கே முறுக்கும்? அதனால்தான் அந்தக் கால ஓவியர்கள் எல்லோரும் பத்திரிகைகளிலிருந்து படங்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். குதிரையா, கப்பலா, குத்துச்சண்டையா, அழும் பெண்ணா, தனித்தனி உறை. அந்தக் கோப்புக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘மார்க்’. பிணவறை என்று அர்த்தம்! அதிலிருந்து எடுத்து வரைவதற்கு ‘ஸ்வைப்’ என்று பெயர். தமிழ் சினிமா ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘சுட்டது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

கேன் எங்கிருந்தெல்லாம் சுட்டார் என்பதுதான், பல பத்தாண்டுகள் கழித்துக் காமிக்ஸ் ரசிகர்களுக்குச் சுவாரசியமான துப்பறியும் வேலையாக ஆனது.

முதலில் அட்டைப்படம். மஞ்சள் வானம், கட்டிடங்களுக்கு மேலே கயிற்றில் ஊசலாடி வரும் பேட்மேன், அவர் பிடியில் ஒரு ரவுடி, கூரையில் நின்று வாய் பிளந்து பார்க்கும் அடியாட்கள். உலகத்திலேயே அதிகம் மறுபதிப்பான காமிக்ஸ் அட்டைகளில் ஒன்று. அதில் தொங்கும் உடம்பு, அலெக்ஸ் ரேமண்ட் 1937-ல் வரைந்த ‘பிளாஷ் கார்டன்’ தொடரின் ஒரு கட்டத்திலிருந்து வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கால் மடங்கியிருக்கும் விதம்கூட அதேதான்.

அடுத்தது கதை. ரசாயன நிறுவனக் கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள் என்பது முதல் பேட்மேன் கதை. 1936-ல் ‘தி ஷேடோ’ என்ற மலிவு விலைப் பத்திரிகையில் வந்த ‘பார்ட்னர்ஸ் ஆஃப் பெரில்’ கதையின் எலும்புக்கூடும் அதேதான். தியடோர் டின்ஸ்லி எழுதியது. ஆனால் அச்சானது மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற பொதுப் புனைபெயரில். ஆக, அந்த எழுத்தாளருக்கு அங்கேயே பெயர் போய்விட்டது.

மூன்றாவது, உள்ளே இருக்கும் கட்டங்கள். அவற்றில் பலவற்றுக்குத்தான் அந்தப் பத்து சென்ட் செங்கல் மூலம். குழந்தைகள் புத்தகம் என்று நூலகங்கள் பாதுகாக்காமல் விட்டது, அறிஞர்கள் திரும்பியும் பார்க்காதது. பெட்டிகளையும் பழைய புத்தகத் தட்டுகளையும் கிளறுகிற ரசிகர்கள் இல்லாமல் போயிருந்தால், வாலலி என்று ஒருவர் இதில் இருக்கிறார் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

சுட்ட படத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு ஓவியர்கள் தனித்தனியாக ஒரே மாதிரி குத்துச்சண்டை வரைவது சாதாரணம், அதை வைத்துக் குற்றம் சொல்லக் கூடாது. பார்க்க வேண்டியது கதைக்குத் தேவையே இல்லாத சின்ன விஷயங்களை. சட்டை மடிப்பு விழும் இடம். விரல்கள் பிரிந்திருக்கும் விதம். வெளிச்சம் வரும் திசை. பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு நிழல் வலப்பக்கம், இவருக்கு மட்டும் இடப்பக்கம் என்றால் இவர் வேறு எங்கிருந்தோ ‘குடிவந்தவர்’. சிலர் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் திருப்பி வரைந்துவிடுவார்கள். அப்போது துப்பாக்கி இடக்கைக்கு மாறி மாட்டிக்கொடுக்கும். இப்போது போனிலேயே ஒரு படத்தின் மேல் இன்னொன்றைக் கண்ணாடி மாதிரி வைத்துப் பார்த்துவிடலாம். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தால் கதை முடிந்தது.

இங்கே கேனுக்காக ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவர் ஒருவர் மட்டும் செய்த காரியம் இல்லை இது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ராத்திரி பகலாக வரைந்த அந்தத் தலைமுறையில் பிறர் படத்தைப் பார்க்காமல் வரைந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வாலலி படத்தில் கோட்டும் தொப்பியும் போட்ட மனிதர் இருந்தாரே தவிர, பேட்மேன் இல்லை. இன்னொருவரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும், போய்ச் சேர்ந்த இடம் புதிது.

ஆனால் அந்தப் புது இடத்துக்கு வழி காட்டியது யார்? பிரச்சினை அங்கேதான்.

கேன் முதலில் வரைந்த பேட்மேனை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். சிவப்பு உடுப்பு, கண்ணை மட்டும் மறைக்கும் குட்டி முகமூடி, முதுகில் விறைப்பாக இரண்டு இறக்கை. அந்தப் படத்தைத் தன் நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். ஃபிங்கர் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர், எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை உள்ளவர். அவர் முதலில் செய்த காரியம், அலமாரியிலிருந்து வெப்ஸ்டர் அகராதியை எடுத்ததுதான். அதில் வௌவால் படம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ‘அந்தக் காதைப் பார்’ என்றார். முகமூடியில் காது வந்தது. விறைத்த இறக்கைக்குப் பதிலாகக் காற்றில் விரியும் மேலங்கி, கைக்கு உறை, சிவப்புக்குப் பதிலாக இருட்டு நிறம், கண்ணில் விழி தெரியாமல் வெறும் வெள்ளை எல்லாமே ஃபிங்கர் சொன்னது. ப்ரூஸ் வெய்ன் என்ற பெயரும், காதம் என்ற ஊர்ப் பெயரும் அவர் தந்ததே. முதல் கதையை எழுதியவரும் அவர்தான். ஷேடோ கதையைத் தழுவி எழுதினேன் என்பதைப் பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஃபிங்கருக்கும் கோப்பு சேர்க்கும் பழக்கம் உண்டு. கதை எழுதிக் கொடுக்கும்போது, ‘இந்தக் காட்சிக்கு இது உதவும்’ என்று பத்திரிகைகளில் வெட்டிய படங்களையும் சேர்த்து இணைத்துத் தருவார். வரைபவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

ஜோக்கர் பிறந்த கதையிலும் ஒரு மலிவுப் புத்தகம் வருகிறது. ஃபிங்கர் சொன்னபடி பார்த்தால், ஒரு நாள் கேன் புது வில்லனுக்காகச் சீட்டுக்கட்டு ஜோக்கரைக் காட்டுகிறார். ஃபிங்கருக்கு அது சர்க்கஸ் கோமாளி மாதிரி தோன்றுகிறது. அவரிடம் விக்டர் ஹ்யூகோவின் ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ நாவலின் மலிவுப் பதிப்பு ஒன்று இருந்தது. 1928-ல் அது சினிமாவாக வந்தபோது, படத்தின் ஸ்டில்களைச் சேர்த்து வெளியிட்ட பதிப்பு. வாய் காதுவரை கிழிக்கப்பட்டு, அழுதாலும் சிரிப்பது மாதிரியே தெரியும் மனிதனாக நடித்தவர் ஜெர்மானிய நடிகர் கான்ராட் ஃபைட். ஃபிங்கர் அந்தப் படத்தைப் புத்தகத்திலிருந்து கத்தரித்துக் கேனுக்கு அனுப்பினார். 1940-ல் ‘பேட்மேன்’ முதல் இதழில் ஜோக்கர் வந்தார். சீட்டைக் கொண்டு வந்தது தானே என்று கேனின் உதவியாளர் ஜெர்ரி ராபின்சன் கடைசிவரை சொல்லிவந்தார். கேன் அதை ஏற்கவில்லை. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னாலும், ஃபைட்டின் அந்தச் சிரிப்பை ஒருமுறை பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராது.

கேன் பதிப்பகத்தோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால், ஒவ்வொரு பேட்மேன் கதையிலும் ‘படைத்தவர்: பாப் கேன்’ என்று ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ஃபிங்கருக்குக் கேன் தன் கையிலிருந்து கூலி கொடுத்தார், அவ்வளவே. 1965-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு காமிக்ஸ் ரசிகர் மாநாட்டில் ஃபிங்கர் தன் பங்கைப் பற்றிப் பேசினார். உடனே கேன் அதை மறுத்து நீளமாகக் கடிதம் எழுதினார். தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் வந்தது, பொம்மைகள் விற்றன, டீ சர்ட்டுகள் விற்றன. ஃபிங்கர் 1974-ல் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மகன் அவருடைய அஸ்தியை ஓரிகன் கடற்கரைக்கு எடுத்துப் போய், மணலில் வௌவால் வடிவத்தில் தூவினார். அலை வந்து எடுத்துக்கொண்டது.

1989-ல் வந்த தன் சுயசரிதையில் கேன் மனம் இறங்கி ஃபிங்கரின் பங்கை ஒப்புக்கொண்டார். அதற்குள் ஃபிங்கர் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பேத்தியும் சில ஆய்வாளர்களும் விடாமல் போராடியதில், 2015-லிருந்து ‘பாப் கேன், பில் ஃபிங்கருடன்’ என்று அச்சாகிறது. திரையில் பார்த்திருப்பீர்கள்.

காமிக்ஸ் ஓவியர்கள் சுட்டது மட்டும் இல்லை, அவர்களிடமிருந்து சுட்டவர்களும் உண்டு. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் ‘வாம்!’ என்று நான்கு மீட்டர் அகலத்தில் ஓர் ஓவியம் தொங்குகிறது. போர் விமானம் இன்னொரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் காட்சி. ராய் லிக்டென்ஸ்டைன் 1963-ல் வரைந்தது. அதன் மூலம் 1962-ல் வந்த ‘ஆல்-அமெரிக்கன் மென் ஆஃப் வார்’ காமிக்ஸின் 89-வது இதழில், இர்வ் நோவிக் வரைந்த ஒரு சின்னக் கட்டம். பத்து, பன்னிரண்டு சென்ட்டுக்கு விற்று, பழைய புத்தகக் குவியலில் முடிகிற சரக்கு. லிக்டென்ஸ்டைன் அதை அப்படியே எடுக்கவில்லை, நிறைய மாற்றினார், அதனால் அது கலையே என்பது அவர் பக்கத்து வாதம். இருக்கட்டும். ஆனால் இதே பாணியில் அவர் வரைந்த ‘நர்ஸ்’ என்ற ஓவியம் 2015-ல் ஏலத்தில் ஒன்பதரைக் கோடி டாலருக்கு மேல் போனதைக் கேட்டால், காமிக்ஸ் ஓவியர்களின் வயிற்றெரிச்சல் நியாயம் என்றே தோன்றும். இன்னொரு தமாஷ், அந்த நோவிக் பிற்பாடு பல வருடம் பேட்மேன் கதைகளுக்கும் படம் வரைந்தார்.

காசு விஷயத்தில் அந்த 27-வது இதழும் சளைத்தது இல்லை. பத்து சென்ட்டுக்கு விற்ற அதன் ஒரு பிரதி 2010-ல் பத்து லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. அதற்குள் இருக்கும் கட்டங்களுக்கு மூலமான ‘காங் பஸ்டர்ஸ்’ புத்தகத்தை அந்த மாதிரி யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை.

பழைய புத்தகக் கடைக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். படம் போட்ட பழைய புத்தகம் எது கையில் கிடைத்தாலும், அட்டையோடு நிற்காமல் உள்தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓவியர் பெயர் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். படத்தின் மூலையில் கையெழுத்தோ இரண்டு எழுத்து இனிஷியலோ ஒளிந்திருக்கும். வருடம் பின்பக்கத்தில் இருக்கலாம். அந்தப் பக்கங்களை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும், ஒரு நாள் எங்கேயோ பொருந்தும். கிழிசலை செல்லோடேப் போட்டு மட்டும் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். பிடித்த படத்தைக் கத்தரித்து எடுக்கவும் கூடாது. ஃபிங்கர் கத்தரித்தாரே என்றால், அந்த ஒரு கத்தரியை மட்டும் மன்னித்துவிடலாம்!

ஃபிங்கரும் கேனும் உட்கார்ந்து கதை பேசிய போ பூங்கா நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருக்கிறது. அதன் அருகே ஒரு தெருவுக்கு 2017-ல் ‘பில் ஃபிங்கர் வே’ என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். வாலலிக்குப் பலகை எதுவும் இல்லை. கடைகளுக்கு அந்தக் குட்டிச் செங்கல் வந்துகொண்டுதான் இருக்கிறது. விலைச்சீட்டில் கடைக்காரர் ‘காங் பஸ்டர்ஸ், 1938, முதுகு சேதம்’ என்று எழுதி வைத்திருப்பார். பேட்மேன் என்ற வார்த்தை அதில் இருக்காது.